அத்தானுடைய கார், இருபத்து நாலில் ஒரு பங்கு

கண்ணாடிக்காரரின் வீட்டுக்குள் நாற்பத்தொரு கார்கள் நிற்கின்றன. வாசலில் ஒன்று நிற்கிறது. உள்ளே நிற்கும் நாற்பத்தொன்றும் அவர் கையால் செய்தவை, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கிவிடும். வாசலில் நிற்கும் நிஜக் காரை ஓட்டுவது அவர் மனைவி. இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். "எங்க வீட்டுக்காரர் காரை நல்லா ஒட்டுவார், ஓட்டத்தான் மாட்டார்" என்று அந்த அம்மாள் தன் பள்ளிக்கூடத்து டீச்சர்களிடம் சொல்லிச் சொல்லி, இப்போது யாரும் அதற்குச் சிரிப்பதுகூட இல்லை.

கண்ணாடிக்காரர் என்றதும் கடை முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளி முன்னால் ஏசியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி பிரேம் விற்கிறார். இவர் பின்னால், இரண்டடி நகர்ந்தால் முழங்கை சுவரில் இடிக்கும் அறையில், லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறார். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. மிதித்த கண்ணாடி, நாய் கடித்த கண்ணாடி, மேலேயே உட்கார்ந்து நசுக்கிய கண்ணாடி எல்லாம் அவரிடம் வந்து பிழைத்துப் போகும். அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால், அரை மில்லிமீட்டரை அவர் ரொம்பப் பெரிய தூரமாகத்தான் நினைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்த கையோடு பால்கனி மேசைக்குப் போய்விடுவார். தபாலில் வரும் பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகள் ஒரு சட்டத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, பெயின்ட் அடித்து, அதையும் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார். பெயின்ட் அடித்த பாடியில் தூசி விழாமல் இருக்க பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடிவிடுவார். துணி ஊறவைக்க வாளியைத் தேடும் மனைவிக்கு எரிச்சல் வருமா வராதா? "எந்த வாளிக்குள்ள கார் இருக்கு, எது சும்மா இருக்குன்னு ஒரு போர்டாவது மாட்டித் தொலைங்க" என்பார். பொட்டு அளவுக் கண்ணாடியோ வைப்பரோ கீழே விழுந்துவிட்டால், வாக்குவம் கிளீனர் வாயில் கைக்குட்டையைக் கட்டி வீடு முழுக்கத் தேடுவார். அந்த வகையில் வீடு சுத்தமாக இருக்கிறது என்று மனைவியே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கார் புதுசாக இருக்கக் கூடாது, ஓடிய காராக இருக்க வேண்டும். பளபளப்பு கொஞ்சம் கூடினாலும் பொம்மை என்று சொல்லிவிடுவார். டயரின் நடுப்பகுதியை உப்புத்தாளில் உருட்டித் தேய்ப்பார். கதவு இடுக்குகளில் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிடுவார். பெடல்களில் கால் பட்டுத் தேய்ந்த இடம்கூட வெளுத்திருக்கும். டிக்கியை ஒட்டி மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் உள்ளே ஸ்டெப்னி இருக்கும், ஜாக்கி இருக்கும். "இதையெல்லாம் யார் பார்க்கப் போறா?" என்று மனைவி கேட்டால், "நான் பார்த்துட்டேனே" என்பார்.

எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை வைப்பார். நிஜக் காரின் போட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது என்று கணக்குப் போட்டு, மாடல் நிஜத்தில் இருபத்து நாலில் ஒரு பங்கு என்பதால் இருபத்து நாலால் வகுத்து, அந்த இடத்தில் போனை வைத்து மாடலைப் படம் எடுப்பார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸ் வழியாகப் பார்ப்பார். வித்தியாசம் தெரிந்தால் அந்தக் கார் பாஸாகவில்லை என்று அர்த்தம். இந்தச் சோதனையில் தோற்றுப்போன ஒரு காரை நாலு மாதம் கழித்துப் பிரித்து மறுபடி செய்தார்.

கார் மேல் இத்தனை பைத்தியமாக இருக்கிற மனுஷர் ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால், "நாள் பூரா லென்ஸைப் பார்க்கிற கண்ணு, ரோட்டைப் பார்த்தா சோர்ந்து போயிடும்" என்பார். அது சுத்தப் பொய். உண்மையை அவர் கட்டிய மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், லைசென்ஸ் எடுத்து மூன்றே வாரம் ஆகியிருந்தபோது, அவர் தன் அத்தானின் காலை உடைத்துவிட்டார். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஓர் அலுவலகத்தில் கிளார்க். அந்த வருடம் பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார், நாலு கதவு, பாலேடு நிறம். வாங்குவதில் காட்டிய அவசரத்தை ஓட்டக் கற்றுக்கொள்வதில் காட்டவில்லை. அதனால் மச்சினன்தான் டிரைவர். ஒரு விடுமுறை நாளில் மூன்று பேரும் மலைப்பாதையில் ஏறி, வேடிக்கை பார்க்கும் இடம் ஒன்றில் சரிவில் காரை நிறுத்தினார்கள். காருக்குக் கீழே பத்தடி தள்ளி ஒரு கருங்கல் தடுப்புச் சுவர். கண்ணாடிக்காரர் ஓரத்துத் திட்டில் ஏறி நின்று, காரோடு சேர்த்து அக்காவையும் அத்தானையும் போட்டோ எடுத்தார். பிறகு அவரும் அக்காவும் டீ வாங்கப் போனார்கள். திரும்பி வரும்போது சத்தம் கேட்டது. கார் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. நடுவில் அத்தானின் இடது முழங்கால் மாட்டிக்கொண்டிருந்தது.

மூன்று ஆபரேஷன். அதற்குப் பிறகும் அந்தக் கால் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ விசாரித்தபோது அத்தான் சொன்னது ஒரே வாக்கியம்தான். "பிரேக் வேலை செய்யல." கட்டிலின் காலடியில் நின்றுகொண்டிருந்த கண்ணாடிக்காரர் அதைக் கேட்டார். கடைசியாக வண்டியிலிருந்து இறங்கிய டிரைவர் அவர்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தோமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். கை எதையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. மனைவியின் தம்பி ஆயிற்றே, காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அத்தான் தன் வலியோடு வலியாக ஒரு பொய்யும் சொல்லிக் காப்பாற்றிவிட்டார் என்று அந்த நிமிடமே முடிவு செய்தார். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. காரும் வந்த விலைக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து அத்தானுக்கு ஒன்று என்றால் இவர் முதல் ஆளாக ஓடுவார். வீடு மாறும்போது பீரோவைச் சுமந்தது இவர்தான். கரன்ட் ஆபீஸ் வரிசையில் நின்றதும் இவர்தான். அத்தானின் மூக்குக்கண்ணாடியை மாதம் ஒருமுறை கழற்றி வாங்கித் துடைத்து, திருகு முடுக்கிக் கொடுப்பார். இப்படி ஒரு மச்சினன் யாருக்குக் கிடைப்பான் என்று அத்தான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். விபத்தைப் பற்றி மட்டும் அந்தக் குடும்பத்தில் யாரும் மூச்சு விடுவதில்லை. ஒருவர் மனம் நோகக் கூடாது என்று இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் குடும்பம் அது. இந்த மாதிரி நல்ல மனசுக்காரர்கள் ஒரு வீட்டில் சேர்ந்துவிட்டால் உண்மை வெளியே வர இருபத்தாறு வருடம் ஆகத்தான் செய்யும்.

போன வருடம் அக்கா போன் செய்தார்.

"டேய், உங்க அத்தான் ரெண்டு மாசத்துல ரிட்டையர் ஆகறாரு. அவருக்கு ஒரு கார் செஞ்சு குடுடா."

"செஞ்சா போச்சு. எந்தக் கார் வேணும்?"

"எந்தக் காரா? அவரு வாங்கினது ஒரே கார்தானே. அதேதான்."

நாற்பத்தொரு கார் செய்தவர் அந்த ஒரு காரின் பக்கம் போனதே இல்லை.

"வேற ஏதாவது நல்லதா செய்யறேனே அக்கா. அந்தக் கார்தான் காலையே..."

"கால் போனது போனதுதான். அவரு இன்னும் அந்தக் கார் கலரைப் பத்தித்தான் பேசிட்டிருக்காரு. என்கிட்ட இருக்கிற போட்டோ எல்லாத்தையும் அனுப்பறேன். ரகசியமா இருக்கட்டும்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். மறுக்க முடியுமா?

அந்தக் காருக்கு என்றே தபாலில் வரும் பெட்டி கிடையாது. கிட்டத்தட்ட அதே சாடையில் இருந்த வேறொரு காரின் பெட்டியை வரவழைத்து, பம்பரை அறுத்து, முன்பக்கக் கிரில்லை மெல்லிய கம்பிகளால் புதிதாகக் கட்டினார். பாலேடு நிறம் சரியாக வர ஆறு முறை கலந்தார். ஐந்தாவது முறை மனைவி எட்டிப் பார்த்து, "இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை, எதுக்கு இந்தப் பாடு?" என்றார். ஜன்னலைச் சுற்றி வெள்ளி ஃபாயிலை ஒட்டி, பல்குச்சியால் நீவிவிட்டார். சீட்டின் மேல் விரித்திருந்த துண்டைக்கூட டிஷ்யூ பேப்பரில் செய்து, ஓரத்தில் நீலக் கோடு போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் மேசைக்குப் போகும்போது நெஞ்சு கனத்தது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை.

உள்பக்கம் முடிக்கும் நாளில் ஹேண்ட்பிரேக் வந்தது. ஒரு மில்லிமீட்டர் தடியில் அரை அங்குலத்துக்கும் குறைந்த கம்பி. மேலே நிற்க வேண்டுமா, கீழே கிடக்க வேண்டுமா? பாடியை மூடிவிட்டால் எவர் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. மேலே தூக்கி வைத்திருக்கலாம். ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவர் கீழே படுக்கவைத்துத்தான் ஒட்டினார். அன்றைக்கு இருந்தது அப்படித்தானே என்று நினைத்தார். ஒட்டிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு காலை, கடைசிச் சோதனை. அக்கா அனுப்பிய பதினொரு போட்டோவில் அந்த மலைப்பாதைப் போட்டோக்கள் இரண்டு இருந்தன. முதல் படத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டதால் இரண்டாவது எடுத்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மற்ற படங்களில் கார் பாதிதான் தெரிந்தது. இவை இரண்டில்தான் டிரைவர் பக்கம் முழுசாகத் தெரிந்தது, ஜன்னல் கண்ணாடியும் இறங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டார். திட்டின் மேல் நின்று எடுத்ததால் கேமரா ஏழடி உயரத்தில் இருந்திருக்கும். இருபத்து நாலால் வகுத்தால் மூன்றரை அங்குலம். பத்தடி தூரம், அது ஐந்து அங்குலம். பலகையைச் சரிவாக முட்டுக்கொடுத்து, காரை அதன்மேல் வைத்து, போனை அந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்.

எல்லாம் ஒத்துப்போனது. ஸ்டீயரிங்கின் மேல் வளைவு, சீட்டின் முதுகு, துண்டின் ஓரம், எல்லாம். ஒன்று மட்டும் ஒத்துப்போகவில்லை. பழைய போட்டோவில் ஸ்டீயரிங்குக்கும் சீட்டின் முதுகுக்கும் நடுவே, உட்காரும் இடத்துக்கு மேலே, கடுகு அளவுகூட இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. மாடலின் படத்தில் அது இல்லை.

தூசி என்று நினைத்தார். நெகட்டிவ்வில் தூசி ஒட்டியிருந்தால் அப்படி வெள்ளையாக விழும். இரண்டாவது போட்டோவை லென்ஸுக்கு அடியில் வைத்தார். அதிலும் அந்தப் புள்ளி இருந்தது. கேமரா கொஞ்சம் நகர்ந்திருந்ததால் ஸ்டீயரிங்கும் சீட்டும் படத்தில் கொஞ்சம் தள்ளியிருந்தன. புள்ளியும் அவற்றோடு தள்ளியிருந்தது. தூசி அப்படிக் கூடவே நகராது. காருக்குள் இருந்த ஏதோ ஒன்றுதான் அது. அந்த இடத்தில் வெள்ளையாக என்ன இருந்திருக்கும் என்று யோசித்தார். பிறகு மாடலைப் பார்த்தார். அவரே போன வாரம் அந்தக் கறுப்புக் கம்பியின் நுனியில் ஊசிமுனையால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார். அந்தக் காரின் ஹேண்ட்பிரேக் நுனியில் வெள்ளைப் பொத்தான் உண்டு.

பாடியைக் கழற்றி, இடுக்கியால் கம்பியை நெம்பியதில் அது இரண்டாக உடைந்தது. ஒரு குண்டூசியை வெட்டிக் கறுப்படித்து, நுனியில் வெள்ளை வைத்து, ஈரம் காயக்கூடப் பொறுக்காமல் இரண்டு சீட்டுக்கும் நடுவே தூக்கி நிறுத்தினார். பாடியை மூடிப் படம் எடுத்தார். புள்ளி வந்துவிட்டது, அதே இடத்தில்.

பாதி உயரத்துக்கு இறக்கிப் பார்த்தார். புள்ளி இல்லை, சீட் மறைத்துவிட்டது. முழுக்க இறக்கினார். இல்லை. முழுக்க ஏற்றினார். வந்தது. ஒன்பது முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒன்பது முறையும் அந்தப் புள்ளி ஒரே சாட்சியைத்தான் சொன்னது: அன்றைக்கு இந்தப் போட்டோ எடுத்தபோது, அதாவது அவர் காரை விட்டு இறங்கிய பிறகு, ஹேண்ட்பிரேக் மேலே இருந்தது. அவர் அதை இழுத்திருந்தார்.

மனைவி கடைக்குப் போய்விட்டுப் பையோடு உள்ளே வந்தபோது, இவர் பால்கனித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்னங்க, பசை கண்ணுல பட்டுடுச்சா?" என்று பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் அந்த அம்மாள்.

"நான் இழுத்திருக்கேன்," என்றார் இவர். "நான் இழுத்துட்டுத்தான் இறங்கியிருக்கேன்."

அப்புறம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் மனைவி, "இதையா இத்தனை வருஷம் வயித்துக்குள்ள வச்சிருந்தீங்க? என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன ரோட்ல போறவளா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் கோபமாக இருந்தார். பிறகு டீச்சர் புத்தி வேலை செய்தது.

"சரி, நீங்க இழுத்தீங்க. அப்போ இறக்கினது யாரு?"

சந்தோஷத்தில் அதை அவர் யோசிக்கவே இல்லை. "பிரேக்தான் கெட்டுப் போயிருக்கும். அத்தானே அப்படித்தானே சொன்னார். பாவம், அவர் உண்மையத்தான் சொல்லியிருக்கார், நான்தான் அதைப் பொய்யின்னு நெனச்சுட்டிருந்தேன்."

"இதை இப்பவே அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. ரிட்டையர்மென்ட் வரைக்கும் உங்களால தாங்க முடியாது," என்று கார் சாவியை எடுத்தார் மனைவி.

காரை மடியில் வைத்துக்கொண்டு, போட்டோக்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா கதவைத் திறந்ததும் தம்பியின் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "டேய், ரகசியம்னு சொன்னேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. நேராக ஹாலுக்குப் போனார்.

அத்தான் மடங்காத காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேசையில் வைத்ததைப் பார்த்ததும் பேப்பர் கையை விட்டுப் போனது.

"மாப்ள! அடப்பாவி, அதே கார்டா! அதே கலர்டா!" குனிந்து ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். "துண்டு கூடவா? உங்கக்கா துண்டுடா அது! நீ மனுஷனே இல்ல."

"அத்தான், அது இருக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று கண்ணாடிக்காரர் போட்டோவை எடுத்து நீட்டினார். "இந்தப் புள்ளி தெரியுதா? அதுதான் ஹேண்ட்பிரேக். மேல இருக்கு. நான் எல்லாத்தையும் அளந்து பார்த்துட்டேன். அன்னிக்கு நான் ஹேண்ட்பிரேக் இழுத்துட்டுத்தான் இறங்கியிருக்கேன் அத்தான்."

அத்தான் போட்டோவைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. கண் இன்னும் காரின் மேல்தான் இருந்தது.

"ஆமா, இழுத்திருந்தே. அதுக்கென்ன?"

சமையலறையில் மனைவியும் அக்காவும் பேசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

அப்போதுதான் அத்தானுக்குத் தாம் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தரையைப் பார்த்தார்.

"நான்தானே இறக்கினேன்," என்றார் கடைசியில்.

பிறகு கொட்டிவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் டீ வாங்கப் போனீங்க. என் காருடா அது. வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு, ஒருநாள் கூட நான் டிரைவர் சீட்ல உக்காந்ததில்ல. உன் முன்னாடி உக்கார வெக்கமா இருந்துச்சு. யாருமில்லயேன்னு ஏறி உக்காந்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். கியரை ஆட்டினேன். அந்த வெள்ளைப் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன், அது படக்குன்னு கீழ போயிடுச்சு. வண்டி நகரல. எனக்கென்ன தெரியும்? இறங்கிக் கதவைச் சாத்தினேன். சாத்தின அதிர்ச்சில மெதுவா கிளம்பிடுச்சு. முன்னாடி ஓடிப் போய் ரெண்டு கையாலயும் புடிச்சேன்."

"பிரேக் வேலை செய்யலன்னு சொன்னீங்களே?"

"பின்ன எப்படிடா சொல்றது? முப்பத்திரண்டு வயசுக்காரன், ஆபீஸ்ல பத்துப் பேர் மதிக்கிறவன், சீட்ல ஏறி வெளையாடிக் காலை ஒடச்சுக்கிட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

"உன்னையா? உன்னை எதுக்கு நான்..." என்று ஆரம்பித்த அத்தான் நிறுத்தினார். மச்சினன் முகத்தைப் பார்த்தார். அத்தானின் முகம் வெளிறியது. "டேய். நீ கார் ஓட்டாம இருக்கிறது இதனாலயா?"

கண்ணாடிக்காரர் தலையாட்டினார்.

"கண்ணு சோர்ந்து போகுதுன்னு சொன்னியேடா. நானும் அதை நம்பிட்டேனேடா. அப்போ இந்த பீரோ தூக்கினது, வரிசையில நின்னது, ராத்திரி பகல்னு பார்க்காம ஓடி வந்தது எல்லாம்? நான் உனக்கு என்மேல உசிருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன்!"

"உசிருதான் அத்தான். பயமும் கொஞ்சம் இருந்துச்சு."

கரண்டியோடு ஹாலுக்கு வந்த அக்காவுக்கு யாரை முதலில் திட்டுவது என்று தெரியவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து இருபத்தாறு வருஷம் என்னைச் சுத்தி நாடகமா போட்டீங்க? ஒருத்தன் செஞ்சதைச் சொல்லல, ஒருத்தன் செய்யாததை நெனச்சு அழுதிருக்கான். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று கணவரைப் பிடித்தார். அத்தான் வாங்கிக்கொண்டார்.

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வராமல் இல்லை. வந்தது. எத்தனை மலைப்பாதை, எத்தனை ஊர், ஜன்னலில் கைவைத்துக்கொண்டு தானே ஓட்டிப் போயிருக்க வேண்டிய எத்தனை நாட்கள் என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டார். மேசையில் இருந்த காரைத் தூக்கிச் சுவரில் அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள உள்ளே இடமே இல்லை. உடம்பெல்லாம் லேசாகிக்கொண்டே வந்தது. அத்தானின் நீட்டிய காலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்து நாலு வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலடியில் நின்றவன் இன்றைக்குத்தான் உட்கார்ந்தான்.

"மாப்ள, அடிக்கணும்னா அடிச்சிடுடா. இப்படி உக்காந்து பார்க்காதே," என்றார் அத்தான்.

"அப்போ நான் பண்ணல," என்றார் கண்ணாடிக்காரர்.

"நீ பண்ணலடா."

"உங்க காலு..."

"என் காலை நான்தான் ஒடச்சேன். நீ ஒழுங்கா பிரேக் போட்டுட்டுத்தான் போனே."

அக்காவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஐம்பது வயது மனிதர் சாய்ந்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க அத்தான்."

அத்தான் சொன்னார்.